ஃபேஸ்புக்கில் பிடித்த பெரியவர்

1

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் என் மகள் நஸ்ரின் போன் செய்தாள். என் ஃபேஸ்புக் கணக்கை நடத்துவது அவள்தான். கடவுச்சொல்கூட அவளுக்குத்தான் தெரியும். அதில் என் போட்டோ தொப்பியோடு கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"அத்தா, ஜெய்னெப்னு ஒரு அக்கா மெசேஜ் அனுப்பியிருக்காங்க."

"இன்னாவாம்?"

"'காதிர் அபி, தொப்பியக் கழட்டினா தலையில நரை எவ்ளோ இருக்கும்? அவசரம்'னு கேக்கறாங்க."

இந்த ஊரில் எனக்கு இப்படி ஓர் அவசரச் செய்தி வந்ததே இல்லை. "பாதிக்கு மேலன்னு போடும்மா" என்றேன். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நஸ்ரின் மறுபடி பேசினாள்.

"'அல்ஹம்துலில்லாஹ், சாயந்தரம் வீட்டுக்கு வர்றோம்'னு பதில் வந்திருக்கு. நரைக்குப் போய் யாராவது அல்ஹம்துலில்லாஹ் சொல்வாங்களா?"

தாம்பரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லிவிடுகிறேன். நான் தாம்பரம் மேற்குக்காரன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் லேத்தில் கை கறுத்து, மெஷின் பழுது பார்க்கிற வேலையாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவன். பெயர் காதர். துருக்கிக்காரர்களிடமும் இதே பெயர் இருக்கிறது, காதிர் என்பார்கள். அபி என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். முகம் தெரியாத ஆளைக்கூட அண்ணன், அக்கா என்று கூப்பிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு பழக்கத்திலேயே நான் அவர்களிடம் விழுந்துவிட்டேன்.

நான் இருக்கும் ஊரில் தமிழர்கள் என்று பார்த்தால் நான், என் மனைவி ஹசீனா, நஸ்ரின், அப்புறம் ஒரு டாக்டர். டாக்டர் எங்களைத் தூரத்தில் கண்டாலே எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். நாங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவோமோ என்று பயம். ஹசீனா கூப்பிடக்கூடியவள்தான்.

ஊர் ஞாபகம் வந்தால் ஆர்குட் இருந்தது. ஹசீனாவின் அண்ணன் சுலைமான் மச்சான் தாம்பரத்துக்காரர்கள் கூடுகிற ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார். எந்த பிரியாணி நல்ல பிரியாணி, எந்த மின்வண்டி எந்த பிளாட்பாரம், சுரங்கப்பாதையில் தண்ணீர் எந்த மட்டம் என்று பொழுதுக்கும் சண்டை நடக்கும். படிக்கப் படிக்க நெஞ்சு நிறையும். ஆனால் நாங்கள் வீடு மாறியபோது கட்டிலைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. ஆர்குட்டில் கேட்டேன். மச்சான், "இன்னா மாமு, நாங்கல்லாம் இங்க கீறோம், நீ இன்னாடான்னா கட்டிலை அங்க வச்சிக்கினு கூப்புட்றியே" என்று பதில் போட்டார். நியாயம்தான்.

கட்டிலைத் தூக்கியவர்கள் துருக்கிக்காரர்கள்.

2

எங்கள் ஊரில் துருக்கிக்காரர்கள் இரண்டு ரகம். அந்தக் காலத்தில் தொழிற்சாலை வேலைக்கு வந்து, கடை வைத்து, பள்ளிவாசல் கட்டி, பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஒரு ரகம். இப்போது சில வருஷமாகப் படிக்கவும், கம்ப்யூட்டர் வேலைக்கும், கல்யாணமாகியும் வந்து இறங்குகிறவர்கள் இன்னொரு ரகம். பழையவர்கள் புதியவர்களைப் பார்த்து, "வந்து நாலு நாள் ஆவல, வாயைப் பாரு" என்பார்கள். புதியவர்களோ, "துருக்கியே மறந்துபோன துருக்கியில இவங்க குடித்தனம் பண்றாங்க" என்பார்கள். இந்த ஊரில் நான் காது குளிரக் கேட்ட பேச்சுகளில் இவை இரண்டும் முக்கியமானவை. (இவர்கள் எல்லாரும் என்னிடம் ஜெர்மனில்தான் பேசுகிறார்கள். ஆனால் எந்த மொழி என் காதுக்குள் போனாலும் தாம்பரத் தமிழாகித்தான் உள்ளே தங்குகிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சொந்தம் என்று யாரும் இல்லாத இந்தப் புதியவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதன் பெயருக்கு 'புதுசா வந்தவங்க' என்றே அர்த்தம். குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் ஜெய்னெப்தான் அதற்குத் தலைவி. ஆள் ஒருத்திதான், பேச ஆரம்பித்தால் காப்பகம் முழுக்கச் சேர்ந்து கத்துவதுபோல இருக்கும். என் தொழிற்சாலையில் மெஷினுக்குப் புரோகிராம் எழுதும் எம்ரே என்ற பையன்தான் என்னை அதில் சேர்த்தான். அவன் புரோகிராம் எழுதுவான், மெஷின் தலையைக் கொண்டுபோய் முட்டிக்கொள்ளும், நான் பழுது பார்ப்பேன். இப்படி வளர்ந்த சிநேகம்.

குழுவில் நான் கேட்ட முதல் கேள்வி, ஆட்டுக்கறியை எலும்போடு சின்னத் துண்டாக வெட்டித் தருகிற கடை எது என்பது. அரை மணி நேரத்தில் ஒரு கசாப்புக் கடைக்காரரே பேச வந்துவிட்டார். அதற்கப்புறம் எனக்கு விடிவுகாலம். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால், "மூணாவது ஜன்னல் அம்மாவுக்கு இன்னிக்குப் பல்வலி, நாளைக்குப் போங்க" என்று காலையிலேயே தகவல் வந்துவிடும். நான் ஒரு நாள் போட்டோ அளவு தப்பு என்று திருப்பி அனுப்பப்பட்டேன். வெளியே வந்து போனில் நஸ்ரினிடம் புலம்பினேன், அவள் குழுவில் போட்டாள். பக்கத்துத் தெருவில் போட்டோக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண், பார்த்தறியாதவள், ஓடி வந்து என்னை அழைத்துப் போனாள். அந்த நெகிழ்ச்சியோடு மூன்றாவது ஜன்னலுக்குத் திரும்பியவன், ஜெர்மன் அம்மாவைத் துருக்கி மொழியில் 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டேன். முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் முத்திரை விழுந்தது.

நஸ்ரின் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். என் ஃபேஸ்புக்கை நடத்துகிறவள் அவள். ஆனால் அவளுடைய ஃபேஸ்புக்கில் நான் நண்பன் இல்லை. என் கணக்கிலிருந்து அவளுக்கு நட்பு கேட்டு விண்ணப்பம் போட்டதும் அவளே. அதை ஏற்காமல் வைத்திருப்பதும் அவளே. கேட்டால், "பரிசீலனையில இருக்கு அத்தா" என்கிறாள். எனக்கு ஜெர்மனியில் குடியிருக்கும் அனுமதிகூடச் சீக்கிரம் கிடைத்துவிட்டது.

3

சாயந்தரம் ஜெய்னெப்பும் எம்ரேவும் வந்தார்கள். ஜெய்னெப் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக, "தொப்பி" என்றாள். கழற்றினேன். என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"பரவால்ல. இன்னும் கொஞ்சம் வயசாத் தெரிஞ்சா நல்லாருக்கும்."

"கல்யாணத்தப்ப கரேல்னு இருந்துச்சும்மா. நான் கஷ்டப்பட்டு இவ்ளோ வெளுத்து வச்சிருக்கேன். இன்னும் வேணும்னா டைம் குடு" என்றாள் ஹசீனா.

எம்ரே மட்டும் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கதை இதுதான். இந்தக் குழுவில் எலிஃப் என்றொரு பெண் உண்டு. அவள் புதுசாக வந்தவள் இல்லை, இங்கேயே பிறந்தவள். பழைய ரகத்தில் பேர்போன ஹசன் என்பவரின் மகள். புதியவர்களுக்கு வரும் அலுவலகக் கடிதங்களை ஃபேஸ்புக்கில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கிச் சொல்வாள். எம்ரேவுக்கு முதலில் வந்தது குப்பைத் தொட்டி சம்பந்தமான எச்சரிக்கைக் கடிதம். அதற்கு அவள் விளக்கம் எழுதினாள். அப்புறம் இவனுக்குக் கடிதம் வருவது நின்ற பிறகும் விளக்கம் வருவது நிற்கவில்லை.

ஹசன் பிடிவாதக்காரர். "பெரியவங்க வந்து முறையாக் கேக்கட்டும், பாக்கலாம். இந்த ஞாயித்துக்கெழம" என்று சொல்லிவிட்டார். எம்ரேவுக்கு அப்பா இல்லை. அம்மா துருக்கியில் கைசேரி பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். அவருக்கு விசா மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்களாம். "எனக்கு மாடு கீதுங்க, அதை வுட்டுட்டு நான் எங்க போவேன்" என்றிருக்கிறார் அந்த அம்மா. மாட்டின் பேச்சை யார் கேட்கிறார்கள்?

"சரி, அடுத்த மாசம் மறுபடி விசா போட்டு அம்மா வரட்டுமே" என்றேன்.

"அடுத்த வாரம் எலிஃபோட அத்தை பையன் ஊர்லேந்து வர்றான், அபி" என்றான் எம்ரே.

நானும் ஹசீனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முறைப்பையன் கிளம்பிவிட்டான் என்றால் அது எப்பேர்ப்பட்ட சங்கதி என்று தாம்பரத்துக்காரனுக்கு விளக்கவா வேண்டும்?

எம்ரே குழுவில், 'பெண் கேட்கப் போகிறேன், பெரியவர்கள் வேண்டும்' என்று எழுதினானாம். எல்லாரும் 'வருகிறேன்' பொத்தானை அமுக்கிவிட்டார்கள். ஜெய்னெப் ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்திருக்கிறாள். ஒருத்தருக்கும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கடைசியில் என் கோணல் போட்டோவில் காதோரம் வெள்ளை தெரிந்திருக்கிறது.

"நான் துருக்கிக்காரன் இல்லியேம்மா."

"அதான் நல்லது அபி. துருக்கிக்காரனா இருந்தா எந்த ஊரு, யார் வூட்டுப் புள்ளன்னு நோண்டி எடுத்துடுவாரு. உங்களை எங்கன்னு நோண்டுவாரு?"

அன்றிரவிலிருந்து நான் அபி இல்லை, அம்ஜா. அதாவது சித்தப்பா.

4

அடுத்த இரண்டு நாளும் குழு முழுக்க என் வேலைதான். ஒருவன் கோட்டு கொடுத்தான், வயிற்றுப் பக்கம் பொத்தான் போடுவதில்லை என்ற ஒப்பந்தத்தோடு. இன்னொருத்தி வெள்ளித் தட்டும், அதில் அடுக்கிய சாக்லெட்டும். வேறொருவன் பூங்கொத்து. பெண் கேட்பதற்கென்று ஒரு வாசகம் இருக்கிறது, பெரியவர்தான் சொல்ல வேண்டும். 'அல்லாஹ்வின் கட்டளைப்படி, நபிகளின் சொற்படி, உங்கள் மகள் எலிஃபை எங்கள் மகன் எம்ரேவுக்குக் கேட்கிறோம்.' அதைத் துருக்கி மொழியில் மெதுவாகச் சொல்லி ஒரு பெண் வீடியோ போட்டாள். அதற்குக் கீழே எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், நான் பரீட்சைக்குப் போவதுபோல. மெஷின் பக்கத்தில் நின்று முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். கூட வேலை பார்க்கும் ஜெர்மன்காரர், "வேண்டுதலா?" என்றார். "கிட்டத்தட்ட" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான், ஹசீனா, நஸ்ரின், ஜெய்னெப், எம்ரே ஐவரும் கிளம்பினோம். ஜெய்னெப் மடியில் லேப்டாப். அதற்குள் எம்ரேவின் அம்மா. ஊரில் சொந்தக்காரப் பையனின் இன்டர்நெட் கடையில் கேமராவுக்கு முன்னால், நல்ல தலைத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹசன் வீட்டில் மாற்றுச் செருப்பு கொடுத்து, உள்ளே உட்காரவைத்து, உள்ளங்கையில் எலுமிச்சை வாசனைத் தண்ணீர் ஊற்றினார்கள். நம் கல்யாண வீட்டுப் பன்னீர்தானே என்று நான் முகத்தில் அள்ளிப் பூசிக்கொண்டேன். அது பன்னீர் இல்லை, எரிசாராயம் கலந்தது. பெரியவரான என் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வந்ததைப் பார்த்து ஹசனின் மனைவி உருகிப்போனார். நல்ல பாசமுள்ள குடும்பம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

லேப்டாப்பை ஒரு நாற்காலியில் வைத்தார்கள். படம் அங்கேயே உறைந்துவிட்டது. எம்ரேவின் அம்மா வாயைக் கொஞ்சம் திறந்தபடி அசையாமல் இருந்தார். ஹசன் எழுந்து நின்று லேப்டாப்புக்கு ஸலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பையனுக்கு இன்னா ஆவணும்?"

"சித்தப்பா மாதிரி."

"மாதிரி." ஹசன் அந்தச் சொல்லை வாயில் வைத்து மென்றார். "எங்க பழக்கம்?"

பொய் சொல்ல வரவில்லை. "வேலை ஒரே எடத்துல. சொந்தமானது ஃபேஸ்புக்ல."

ஹசனின் முகத்தில் நான் பயந்ததெல்லாம் வந்தது.

"இன்னா எம்ரே, கம்ப்யூட்டர்ல பொறுக்கினு வந்த ஆளுங்களா இவங்கல்லாம்?"

எம்ரே மறுபடி நகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நான்தான் பேச வேண்டியிருந்தது. எனக்கு வாதம் பண்ணத் தெரியாது, கதை சொல்லத் தெரியும். அதனால் கோதண்டம் அண்ணன் கதையைச் சொன்னேன்.

எனக்கும் அப்பா இல்லை. ஹசீனாவைக் கேட்டு குரோம்பேட்டைக்குப் போக வேண்டிய நாளில், எங்கள் பக்கம் பேசுவதற்கு ஆள் இல்லை. அப்போது நாங்கள் குடியிருந்த வீடு முடிச்சூர் கோதண்டம் அண்ணனுடையது. வயலை மனையாக்கி, மனையை வீடாக்கி உட்கார்ந்திருந்தவர். "நான் வர்றன்டா" என்று பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துண்டு என்று புறப்பட்டு வந்துவிட்டார். ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு பெண் கேட்டார். என் மாமனார், "நீங்க யாருங்க?" என்றார். "நான் இவனுக்கு வூடு வுட்டவன். நல்லா கீறானா கெட்டு கீறானான்னு தெனம் பாக்கறவன் நான்தான். வேற யாரைக் கேக்கப் போறீங்க?" என்றார் அண்ணன். முடிந்தது பேச்சு.

நான் சொல்லி முடித்ததும் ஹசன் தலையை ஆட்டினார். கதை பிடித்திருந்தது. ஆனால் அவர் ஹசன்.

"அந்த ஆளு உங்க மூஞ்சியத் தெனம் பாத்தாரு. இவங்க ஒருத்தரை ஒருத்தர் போட்டோவுல பாக்கறவங்க."

ஜெய்னெப்புக்குப் பொறுக்கவில்லை. "எம்ரே வந்த புதுசுல எங்க தூங்கினான்? எங்க குரூப்புல ஒருத்தன் சோபாவுல. காய்ச்சல்ல படுத்தப்ப யாரு சூப்பு கொண்டுபோனா? நாங்கதான். அவன் போட்டோவுக்கா சூப்பு குடுத்தோம்?"

"சூப்பு யாரு வேணா குடுப்பாங்கம்மா" என்றார் ஹசன். குரல் இறங்கியிருந்தது, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. என் பொண்ணு ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு இவன் அவளைக் கண்ணு கலங்க வச்சா, நான் யார் வூட்டுக் கதவைத் தட்டறது? என் தங்கச்சி பையன்னா தங்கச்சி வூட்டுக் கதவு கீது. இங்க? கம்ப்யூட்டரையா தட்டுவேன்?"

நாற்காலியில் இருந்த கம்ப்யூட்டர் வாயைத் திறந்தபடியே இருந்தது. ஹசன் கேட்டது தப்பே இல்லை.

அந்த நேரத்தில் எலிஃப் காப்பித் தட்டோடு வந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. துருக்கியில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை. பெண் தன் கையால் காப்பி போட்டு, மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதிலாக உப்பை அள்ளிப் போட்டுவிடுவாள். அவன் முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும். குடித்தால் இவன் பெண்ணுக்காகப் பொறுத்துப்போவான் என்று அர்த்தம். மரியாதைப்படி முதல் கோப்பை பெரியவருக்கு, கடைசிக் கோப்பை மாப்பிள்ளைக்கு. எல்லார் கண்ணும் மாப்பிள்ளை கையிலிருக்கும் கோப்பையில்தான் இருக்கும்.

நமக்குத் தெரிந்தது நம் ஊர் மரியாதை. தட்டு முதலில் நம்மிடம் வந்தால், எடுத்து மாப்பிள்ளைப் பையன் பக்கம் தள்ளிவிடுவோம். நானும் முதல் கோப்பையை எடுத்து, "மாப்பிள்ளைக்கு மொதல்ல" என்று எம்ரே கையில் கொடுத்துவிட்டேன். எலிஃபையே பார்த்துக்கொண்டிருந்தவன் யோசிக்காமல் வாங்கிக்கொண்டான். தட்டு சுற்றி வந்தது. எம்ரே அம்மாவுக்கும் லேப்டாப் முன்னால் ஒரு கோப்பை வைத்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கோப்பை மிச்சம், கோப்பை இல்லாத ஆள் நான் ஒருத்தன். எலிஃப் என் முன்னால் வந்து நின்றாளே தவிர தட்டை நீட்டவில்லை. பெண் வெட்கப்படுகிறது என்று நானே எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாய் குடித்தேன். கடல்.

பாவம், பதட்டத்தில் பெண் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் பக்கத்தில் பெண் வீட்டுக் காப்பியைக் குறை சொல்வது என்றால் என்ன அர்த்தம்? சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். தவறிப்போய் என் உதடு கோணினால் எம்ரேவின் வாழ்க்கையும் கோணிவிடும். அத்தை பையன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். குடித்தேன். புன்னகையோடு குடித்தேன். அடியில் மண்டி இருந்தது, அதைக் குடிக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியாது. மரியாதைக் குறைவாக மிச்சம் வைப்பானேன் என்று அதையும் மென்று விழுங்கினேன்.

"காப்பி பிரமாதம்" என்றேன். குரல் வெளியே வந்ததே பெரிசு.

பக்கத்தில் எம்ரே சாவதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஹசன் ஆச்சரியமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எலிஃப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெய்னெப் நஸ்ரின் காதில் என்னவோ சொல்ல, நஸ்ரின் வாயிலிருந்த காப்பி வெளியே வந்துவிட்டது.

"இன்னா சிரிப்பு?" என்றார் ஹசன்.

எலிஃப்தான் சொன்னாள். "பாபா, உப்புக் காப்பியை அம்ஜா குடிச்சிட்டாரு."

ஹசன் எழுந்து வந்து என் கோப்பையை வாங்கி உள்ளே பார்த்தார். கழுவி வைத்ததுபோல இருந்தது. மண்டியும் காணோம்.

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

"ஏன் சொல்லல?"

"பொண்ணு தெரியாமப் போட்டுட்டான்னு நெனச்சேன். சொன்னா அது மனசு கஷ்டப்படும். பையனுக்கும் இது தட்டிப்போயிடும்."

அவர் கோப்பையைக் கவிழ்த்தார், ஒரு சொட்டும் விழவில்லை. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முந்தானைபோலத் தலைத்துணியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். ஹசன் திரும்பிப் போய் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"கேளுங்க" என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். உப்பு இறங்கவில்லை. மெஷின் பக்கத்தில் நின்று படித்ததெல்லாம் தலைகீழாகி, 'எங்கள் மகள் எலிஃபை உங்கள் மகன் எம்ரேவுக்கு' என்று வந்துவிட்டது. ஜெய்னெப் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப என் பொண்ணை நீங்க எடுத்துக்கினு, உங்க பையனை என் தலையில கட்றீங்க" என்றார் ஹசன். முதல் தடவையாகச் சிரித்தார். பல் வரிசையில் ஒன்று தங்கம். "எப்படிச் சொன்னாலும் கணக்கு ஒண்ணுதான். உங்க வூடு எங்க கீது?"

நான் தெருப் பெயர் சொன்னேன். எத்தனையாவது மாடி என்று கேட்டார். இரண்டாவது என்றேன். அழைப்பு மணியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டார். அதையும் சொன்னேன். மனத்துக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"குடுத்தாச்சு" என்றார்.

எம்ரேவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் ஜெய்னெப் கூச்சல் போட, ஹசீனா பக்கத்தில் இருந்த ஹசனின் மனைவியை மொழி தெரியாமலே கட்டிப்பிடித்துக்கொள்ள, எலிஃப் அடுப்படிக்கு ஓடிவிட்டாள். நாற்காலியில் லேப்டாப் உயிர் பெற்றது. எம்ரேவின் அம்மா கேமராவுக்குள் மூக்கை நுழைத்து, "இன்னா ஆச்சு? யாராச்சும் சொல்லுங்களேன், இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உப்புக் காப்பி ஒரு கோப்பை மறுபடி போடப்பட்டது. எம்ரே குடித்தான். இருமினான். யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

5

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. ஜெய்னெப் போட்டோக்களைக் குழுவில் போட்டாள். எங்கிருந்தோ பார்த்துவிட்டு சுலைமான் மச்சான் போன் செய்தார்.

"இன்னா மாமு, கோட்டு கீட்டுலாம் போட்டுக்கினு. யாருக்குக் கண்ணாலம்?"

"நம்ம பையனுக்கு மச்சான்."

"உனக்கு ஏதுய்யா பையன்?"

விளக்க ஆரம்பித்தேன். அவர் போன் கார்டில் காசு தீர்ந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஹசன். கோட்டு, டை, துடைத்த ஷூ. முகம் சரியில்லை. எம்ரே என்ன செய்து தொலைத்தானோ, அந்தப் பெண் அழுதுகொண்டு வந்துவிட்டதோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னார்.

"உங்க பையனைப் பத்திப் பேசணும்."

"சொல்லுங்க."

"நேத்து எங்க வூட்டுக்கு வந்தான். என் பொஞ்சாதி டீ குடுத்தா. பால் கேட்டான்."

"பாலா?" என்றேன்.

"டீயில பால்" என்றார் ஹசன் மறுபடி, எனக்கு விஷயத்தின் கனம் புரியவில்லையோ என்று. "எங்கள்ல எவனும் அப்படிக் குடிக்க மாட்டான். பக்கத்து வூட்டுக்காரங்கல்லாம் உக்காந்துகினு இருந்தாங்க. என் பொஞ்சாதிக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. யாரு இவனுக்கு இதைப் பழக்கினது?"

வாரத்தில் நான்கு நாள் வேலை முடிந்து எம்ரே எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் உட்காருகிறான். இஞ்சி தட்டிப் போட்டு, பாதிக்குப் பாதி பால் விட்டு ஹசீனா கொடுப்பதை, ஆரம்பத்தில் மருந்து குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தவன், இப்போது இன்னொரு டம்ளர் கேட்கிறான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கோதண்டம் அண்ணன் மாதிரி தோளில் துண்டு இல்லாத குறைதான். தொண்டையைச் செருமினேன்.

"நீங்க கவலைப்படாம போங்க. நான் கூப்ட்டு வச்சிக் கண்டிக்கிறேன்."

ஹசனுக்கு நிம்மதி. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கைப்பிடியைத் தடவிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். எம்ரேவும் எலிஃபும் வரும் நேரம். சமையலறையில் ஹசீனா பெரிய பாத்திரத்தில் பாலைக் காய்ச்ச வைத்திருந்தாள்.

"யாருங்க வாசல்ல?"

"ஒண்ணுமில்ல. நீ பொங்காமப் பாத்துக்க."